அப்பாவின் மேசி குடித்த தண்ணீர் எங்கே போனது?

"ஒரு போத்தல் குடிச்சிருச்சுமா. நேத்தும் ஒரு போத்தல்தான்."

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்துக்குக் கீழே தேநீர் வாங்கிக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொன்னது தம் டிராக்டரை. ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் ஒன்றை நிரப்பி, தினமும் காலையில் ரேடியேட்டரில் ஊற்றுகிறாராம். இரண்டு மாதங்களாக இதுதான் நடக்கிறதாம். ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

அப்பாவின் டிராக்டர் மேசி ஃபெர்கூசன் 135. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மூக்கை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் 1964-இல் உருவாக்கத் தொடங்கிய ரகம். உள்ளே இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அப்பா தெலுக் இந்தானுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். தோட்டம் பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டியபோது, தாம் ஓட்டிய வண்டியையே சேமிப்பைப் போட்டு வாங்கிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது சுற்றுவட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களுக்குச் செம்பனைக் குலை ஏற்றிக் கொடுக்கிறார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலையில் கை வைத்துவிடுவார்கள். ஆக, அப்பாவின் வண்டி நின்றால் நான்கைந்து வீடுகளில் கணக்கு இடிக்கும்.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த ஃபோர்மன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, எஞ்சினப் பிரிக்கணும், மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி" என்றாராம். சிங்கப்பூரிலிருந்து தம்பி, "பழைய இரும்புக்குப் போட்டுடுங்கப்பா, நான் மாசம் கொஞ்சம் கூட அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டான். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அம்மாதான் தனியாக அழைத்தார். "அத வித்துட்டா உங்கப்பா திண்ணையில உக்காந்துருவாரு. அப்புறம் எந்திரிக்க மாட்டாரு."

அந்த வெள்ளிக்கிழமை மாலையே கோலாலம்பூரிலிருந்து கிளம்பிவிட்டேன்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. படித்தது ஊடகத்துறை. சின்ன வயதில் அந்த வண்டியின் மட்கார்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனதுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. ஆனால் தோட்டத்துப் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். அவரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது இதுதான்: "எதையும் கழட்டாத, பாப்பா. தண்ணி போறதுக்கு மூணு வழிதான் இருக்கு. எந்த வழின்னு கண்டுபிடி. அப்புறம் ஸ்பானரத் தொடு."

மூன்று வழிகள் என்றால்: ரேடியேட்டர் வாயில் இருக்கும் வழிவுக் குழாய் வழியாகப் போகலாம். எஞ்சினுக்குள்ளேயே, எண்ணெயிலோ சிலிண்டரிலோ கலக்கலாம். இல்லையென்றால் வெளியே எங்கோ கசிய வேண்டும். ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் இரண்டாவது வழி. மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி செலவழிக்கும் முன் மற்ற இரண்டையும் பார்த்துவிடுவதுதானே முறை?

சனிக்கிழமை காலை அப்பா வழக்கம்போல் தண்ணீர் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய் தளும்பத் தளும்ப ஊற்றினார். மாமா சிரித்துவிட்டு, வழிவுக் குழாயின் கீழ்முனையில் ஒரு காலிப் போத்தலைக் கட்டினார். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தோம். போத்தலில் ஒரு கிளாஸுக்கு மேல் தண்ணீர்!

இது கசிவே இல்லை. தண்ணீர் சூடானால் பருக்கும். காலைக் குளிர்ச்சியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது சுமார் 3 விழுக்காடு கூடுகிறது. இன்றைய கார்களில் அந்த உபரியைப் பிடித்துவைத்து, ஆறியதும் திருப்பிக் கொடுக்கத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. இந்தப் பழைய வண்டியில் அது கிடையாது. வாய் வரை ஊற்றினால் உபரியை வெளியே துப்பிவிடும். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி ஊற்றுவோம், மறுபடி துப்பும். வாய்க்கு ஓர் அங்குலம் கீழே விட்டுவிட்டால் போதும். அப்பா ஒரு மூங்கில் குச்சியில் கோடு கிழித்து அளவுகோல் செய்தார். முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது; நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் போத்தல் ஒன்றரை லிட்டர். ஒரு கிளாஸ் போக மீதி எங்கே?

அடுத்து உள்வழி. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் தே தாரேக் நிறத்துக்கு வந்துவிடும். எங்களுடையது கறுப்பாகவே இருந்தது. மறுநாள் விடியற்காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டருக்குள் அழுந்தும் காற்று தண்ணீர்ப் பக்கம் புகுந்து குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். முதலில் இரண்டு குமிழ் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் நின்றுவிட்டது. ஒளிந்திருந்த காற்று அவ்வளவுதான். மூடியைப் போட்டு மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொன்னார் மாமா. எஞ்சின் சூடாகும் முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் அதுவும் கேஸ்கெட்டின் அறிகுறி. இறுகவில்லை. புகைபோக்கியிலும் வெள்ளைப் புகை தொடரவில்லை.

"பட்டறைக்காரன் இதுல எதையாச்சும் செஞ்சானா?" என்று மாமா கேட்டார். அப்பா தலையாட்டினார். இல்லை.

மிச்சம் வெளிவழி. இங்கேதான் ஞாயிறு முழுவதும் ஓடியது. எஞ்சினைக் கழுவித் துடைத்து, அடியில் பழைய பேப்பர்களை விரித்தோம். (இந்த ஞாயிறு இதழும் அதில் உண்டு, ஆசிரியர் மன்னிக்க.) மாமா ஒரு கைப்பம்பு கொண்டுவந்தார். ரேடியேட்டர் வாயில் மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே உள்ளே காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று மூடியிலேயே போட்டிருக்கும். எங்கள் மூடியில் 7 என்று இருந்தது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. அதற்கு மேல் அடித்தால் நல்ல ரேடியேட்டரையும் கெடுத்துவிடலாம். அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை.

முள் மெல்ல இறங்கியது. ஆனால் எங்கும் ஈரத்தைக் காணோம். மூன்று பேரும் மூன்று பக்கம் டார்ச் அடித்தோம். "பேசாம இருங்க" என்றேன். ஒலிப்பதிவு அறையில் பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்ததில் கிடைத்த ஒரே சொத்து என் காதுதான். மின்விசிறி இறக்கைக்குப் பின்னாலிருந்து, பெரிய இடைவெளி விட்டு, டிக்... டிக்... என்று ஒரு சத்தம். விரலை விட்டுத் துழாவினேன். தண்ணீர்ப் பம்பின் அடிவயிற்றில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் துளை பழுதால் விழுந்தது அல்ல, செய்தவர்களே வைத்தது. பம்பின் சுழல்தண்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பேரிங். நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடாமல் வெளியே வந்து சேதி சொல்லத்தான் அந்தத் துளை. அழுக்கு அடைத்திருக்கிறதே என்று அதை யாரும் பசை வைத்து மூடிவிடக் கூடாது. எங்கள் வண்டி இரண்டு மாதமாகச் சேதி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வண்டி ஓடும்போது விசிறிக் காற்று சொட்டுகளைப் பின்னால் சூடான இரும்பின் மேல் அடித்து அங்கேயே உலர்த்திவிடும். தரை எப்படி நனையும்? உற்றுப் பார்த்தபோது பம்பிலிருந்து பின்னோக்கி ஒரு பழுப்புத் தடம் தெரிந்தது.

பம்பை மாற்றுவது பெரிய வேலை இல்லை. பெல்ட்டைக் கழற்றி, விசிறியைக் கழற்றி, பம்பின் போல்ட்டுகளை எடுத்து, பழைய கேஸ்கெட் தாளை மிச்சமில்லாமல் சுரண்டி, புதியதை வைத்து மூட வேண்டும். பெல்ட்டை மட்டும் வீணைக் கம்பிபோல் இறுக்கக் கூடாது. புதுப் பம்பின் பேரிங் சீக்கிரமே போய்விடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்ததால் புது மூடியும் வாங்கிப் போட்டோம். இரவு கோலாலம்பூர் திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

ஒன்பது நாள் மூங்கில் குச்சியின் கோடு அசையவில்லை. பத்தாம் நாள் அப்பாவின் அழைப்பு. குரலே வேறு. குலை ஏற்றிக்கொண்டு வரும்போது எஞ்சின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடித்ததாம். உடனே நிறுத்திவிட்டார், நல்லவேளை. குலையை வேறொருவர் லோரியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. "நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் கை வச்சதுக்கு அப்புறந்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அதில் பாதி உண்மை, வாசகர்களே. பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை. அதனால் உள்ளே பலவீனமாக இருந்த ஒன்று அதுவரை தப்பித்துக்கொண்டிருந்தது. புது மூடி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 110 டிகிரி வரை தாங்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் அடுத்த ஓட்டை வெளியே வந்தது. பழைய வண்டியில் ஒரு கசிவை அடைத்தால் அடுத்தது கிளம்பும் என்று ஃபோர்மன்கள் சொல்வது இதைத்தான்.

பீறிட்ட இடம் வெல்ஷ் பிளக். எஞ்சின் பக்கத்தில் ஐம்பது காசைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடும் குடைவுகளுக்காக மணலை வைத்து வார்ப்பார்கள். பிறகு அந்த மணலை வெளியே எடுக்கத் துளைகள் வேண்டும். அந்தத் துளைகளை மூடும் தகடுதான் இது. மெல்லிய எஃகு, உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே தாள் மாதிரி ஆகியிருக்கும். சில எஞ்சின்களில் பின்பக்கமும் ஒன்று உண்டு. அது போனால் பெரும்பாடு. டிராக்டருக்குச் சட்டகம் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பூட்டி அதுவே முதுகெலும்பு. வண்டியை இரண்டாகப் பிளந்துதான் பின்பக்கத்தைத் தொட முடியும். எங்களுக்குப் போனது பக்கவாட்டில் இருந்த ஒன்று. மாமா மேலே பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீரை இறக்கினோம். எஞ்சினின் வடிகுழாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியபின் வந்தது தண்ணீர் இல்லை, காப்பி ஓ மண்டி. அரை வாளி துரு. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோட்டத்துல வேலை செய்யிறப்ப பாரிட்ல மொண்டுதான் ஊத்துவோம். யாரும் ஒண்ணும் சொல்லல," என்றார். இப்போதும் அதே பழக்கம்தான். போத்தலை நிரப்புவது ஓடையில்.

அந்தப் பக்கத்து நிலத்தை அறிந்தவர்களுக்குப் புரியும். மலாயில் தானா காம்புட் என்பார்களே, இலைதழை மக்கிச் சேர்ந்த கரிநிலம். அங்கே ஓடும் தண்ணீர் தேநீர்ச் சாயம் போலப் பழுப்பாக இருக்கும். அமிலம் அதிகம். இரும்புக்கு அதைவிடப் பெரிய பகை வேண்டாம். தகட்டைத் தின்றதும் அதுதான், துருத் துகளால் பம்பின் சீலைத் தேய்த்ததும் அதுதான்.

"கூலன்ட் ஊத்தியிருக்கலாமேப்பா."

"அது பனிக்கு ஊத்துறது. இங்க என்னா பனியா பெய்யுது?"

இந்தக் கேள்வியை நம் வீட்டுக் கார் ஓட்டிகள் பலரும் கேட்பதுண்டு. குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை. நமக்கு வேண்டியது அதன் இன்னொரு வேலை: அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. அந்த மருந்தும் காலப்போக்கில் தீர்ந்துபோகும். எனவே டின்னில் எழுதியிருக்கும் காலத்தில் மாற்ற வேண்டும். அதில் சேர்க்கும் தண்ணீரும் வடிகட்டிய தண்ணீராக இருந்தால் நல்லது. பச்சையோ சிவப்போ நிறம் போட்டிருப்பதில் ஒரு வசதியும் உண்டு. வெறும் தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாது, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஓட்டையான பிளக்கின் ஓரத்தில் உளி வைத்துத் தட்டினால் அது குறுக்கே திரும்பும், இடுக்கியால் இழுத்துவிடலாம். நடுவில் அடித்து உள்ளே தள்ளிவிடக் கூடாது. துளையின் விளிம்பை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, சீலன்ட் தடவி, புதிய பிளக்கை அதற்குப் பொருத்தமான சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கினார் மாமா. எஃகுக்குப் பதில் பித்தளை வாங்கியிருந்தோம், அது துருப்பிடிக்காது. ஒன்று போயிருந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். கைக்கு எட்டிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். பிறகு ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் ஹோஸ் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். அதற்கே ஒரு மதியம் போனது.

இடையில் வந்துபோன ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். மிளகுத்தூள் போடு, முட்டையை உடைத்து ஊற்று, கடையில் விற்கும் அடைப்புப் பொடி போடு. நடுக்காட்டில் நின்றால் வீடு வந்துசேர உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அரை வாளி துருவோடு இருந்த எஞ்சினில் அதையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், துணி போட்டுக்கூட வேண்டாம். அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்துப் பொங்கும், முகம் வெந்துவிடும். கொதித்து நின்ற எஞ்சினில் உடனே பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். பழையதைத் தட்டில் திறந்து வைத்தால் நாய் நக்கும், பிள்ளைகள் தொடுவார்கள். எங்கள் வீட்டுக் கறுப்பன் வந்து மோந்தபோது அம்மா போட்ட சத்தத்தில் மாமா ஸ்பானரைக் கீழே போட்டார். இறக்கிய கூலன்டை மூடிய டின்னில் பட்டறைக்குக் கொடுங்கள், பாரிட்டில் ஊற்றாதீர்கள்.

பம்பு, மூடி, பிளக்குகள், ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்து நானூற்று எண்பது வெள்ளி ஆனது. மாமா கூலி வாங்க மறுத்துவிட்டார். அம்மா மீன் கறியும் ஒரு சிப்பம் அரிசியும் கொடுத்தனுப்பினார். தம்பி அதற்குப் பிறகு இரும்பு விலை பேசவில்லை.

இப்போது இரண்டு மாதமாகிறது. காலை ஐந்தே காலுக்கு, நான் நிலையத்துக்குப் போகும் வழியில், அப்பா அழைக்கிறார். நலமா என்றெல்லாம் கேட்பதில்லை. "கோட்டுல நிக்குது" என்பார், வைத்துவிடுவார்.

ஒரு வழக்கு மட்டும் பாக்கி. எஞ்சின் முழுச்சூடு ஏறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80 டிகிரியைத் தாண்டும்போது திறக்கும் தெர்மோஸ்டாட் என்ற சின்னக் கதவு எங்கள் வண்டியில் இல்லை. "இந்த வெயில்ல அது எதுக்கு" என்று அப்பாவே என்றோ கழற்றி எறிந்துவிட்டார். அது இல்லாமல் எஞ்சின் முழுச்சூட்டுக்கு வராமலேயே ஓடிக்கொண்டிருக்கும், டீசல் சரியாக எரியாது, தேய்மானம் கூடும் என்கிறார் மாமா. நான் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டால் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார். ஆனால் அம்மா தன் சட்டியைத் தர மறுக்கிறார். தெர்மோஸ்டாட் பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது, பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்துக்குப் பக்கத்தில்.